கமராவை மூடி வைத்திருக்கும் அக்காமார்

கேள்வி: நான் துணுக்காய்ப் பக்கம் ஒரு அமைப்பில் பயிற்றுநராக வேலை செய்கிறேன். வயது 27. சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு வரவு செலவுக் கணக்கு வைப்பது பற்றி 12 கிழமை இணையவழி வகுப்பு நடத்துகிறேன். சனிக்கிழமை இரவு 7 மணி தொடக்கம் 9 மணி வரை, சூமில். 28 பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவது கிழமை 11 பேர்தான் வந்தார்கள். வருபவர்களும் கமராவை மூடிவிடுகிறார்கள். கேள்வி கேட்டால் ஒரு சத்தமும் இல்லை. முதல் நாளே எல்லோரையும் பெயர், குடும்ப விபரம் சொல்லி அறிமுகம் செய்ய வைத்தேன். ஒவ்வொரு வகுப்புக்கும் 50, 60 ஸ்லைட் தயாரிக்கிறேன். நான் வளர்ந்தோர் கல்வி டிப்ளோமாவும் படிக்கிறேன். வளர்ந்தவர்கள் தாமாகவே கற்பார்கள் என்று நோல்ஸ் சொன்னதாக அதில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் கொடுத்த பயிற்சியைத் தொட்டும் பார்ப்பதில்லை. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரிக்கச் சொல்லி ஒரு படிவமும் தந்திருக்கிறார்கள். கமராவைக் கட்டாயமாக்கி, கிழமைக்குக் கிழமை பரீட்சை வைத்தால் சரிவருமா? சீட்டு நடத்துகிற ஒரு அம்மா, 58 வயதிருக்கும், "பிள்ளை, நீங்கள் நல்லாத்தான் படிப்பிக்கிறியள், எங்களுக்குத்தான் மண்டையில ஏறுதில்லை" என்றார். ஆர்வமில்லாதவர்களுக்கு எப்படித்தான் படிப்பிப்பது?

ஒரு வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கண்ணில் பட்டவை 28, 11 என்ற எண்கள். இரண்டாம் தரம் வாசித்தபோது, "சீட்டு நடத்துகிற ஒரு அம்மா" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன்.

சீட்டு நடத்துவதென்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். இருபது பேர், மாதாமாதம் காசு. யார் எடுத்துவிட்டார், எவ்வளவு கழிவுக்கு எடுத்தார், இன்னும் யாருக்குக் கொடுக்க இருக்கிறது, யார் கட்டப் பிந்துவார், அந்த மாதம் தன் கையிலிருந்து எவ்வளவு போட்டுச் சமாளிக்கலாம்? இவ்வளவும் அவருடைய தலையிலும் ஒரு பழைய கொப்பியிலும் இருக்கிறது. ஒரு மாதம் பிசகினால் ஊரே படலையில் வந்து நிற்கும். அப்படிப்பட்டவர் தனக்குக் கணக்கு ஏறாது என்கிறார். நீங்களும் நம்பிவிட்டீர்கள். அவரும் அதை நம்புகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

நான் சொல்ல வருவது இதுதான்: உங்கள் வகுப்பு அந்த அம்மாவின் கொப்பியிலிருந்து தொடங்கவேண்டும். இப்போது அது உங்கள் முதலாவது ஸ்லைட்டிலிருந்து தொடங்குகிறது. மற்ற எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

டிப்ளோமாவில் படிக்கிறீர்கள் என்பதால் நோல்ஸ் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். மல்கம் நோல்ஸ் அமெரிக்காவில் வாழ்நாளெல்லாம் வளர்ந்தோர் கல்வியில் வேலை செய்தவர். வளர்ந்தோருக்குக் கற்பிக்கும் கலையைக் குறிக்கும் 'அன்ட்ரகோஜி' என்ற சொல் அவருடையது அல்ல. அலெக்ஸாண்டர் காப் என்ற ஜெர்மன் ஆசிரியர் 1833 இலேயே அதை எழுதியிருக்கிறார். நோல்ஸ்தான் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். வளர்ந்தவர் தன் வாழ்க்கையைத் தானே நடத்துகிறவர், அனுபவத்தோடு வருகிறவர், இன்றைக்கு வாழ்க்கை கேட்கிறதைப் படிக்க ஆயத்தமானவர், இதை ஏன் படிக்கவேண்டும் என்று முதலில் தெரிய விரும்புகிறவர் என்றெல்லாம் அவர் சொன்னார். நீங்கள் இதில் "தாமாகவே கற்பார்கள்" என்ற ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

அதே நோல்ஸ் இன்னொன்றும் சொன்னார், அது உங்கள் சூம் வகுப்பைப் பார்த்துச் சொன்னது போலவே இருக்கும். வீட்டையும் தொழிலையும் தானே நடத்துகிற ஒருவர், 'வகுப்பு' என்று பெயர் வைத்த இடத்துக்குள் நுழைந்த உடனே பழைய பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிடுகிறார். கையைக் கட்டிக்கொண்டு "நீங்களே சொல்லித் தாருங்கள்" என்று உட்கார்ந்துவிடுகிறார் என்றார். தானாகக் கற்பது வயதோடு தானாக வந்துவிடும் ஒன்றென்று அவர் நினைக்கவில்லை. அதற்கு ஆளைக் கைபிடித்துக் கூட்டிவரவேண்டும். 1970 இல் பிள்ளைகளுக்கு ஒரு முறை, பெரியவர்களுக்கு நேரெதிரான இன்னொரு முறை என்று எழுதியவர், 1980 அளவில் இவை இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள், ஆளுக்கும் விஷயத்துக்கும் ஏற்ப எங்கே நிற்பதென்று பார்க்கவேண்டும் என்று தானே மாற்றிக்கொண்டார். ஆகவே அவருடைய பட்டியலைச் சட்டம்போல வைத்து ஆட்களை அளக்க வேண்டாம். ஆட்களைப் பார்த்துக் கேட்பதற்கான நல்ல கேள்விகளாக எடுங்கள்.

வன்னியில் அந்தப் பழைய பள்ளிக்கூடப் பிள்ளை எப்படிப்பட்டவர்? உங்கள் வகுப்பில் 40 வயதுக்காரர் இருந்தால், 1996 இல் போரால் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அவருக்குப் பத்து, பதினொரு வயது. மரத்தடியிலும் கொட்டிலிலும் படித்திருப்பார், அல்லது படிப்பை அங்கேயே விட்டிருப்பார். 32, 33 வயதுக்காரர் என்றால் 2008, 2009 இல் சாதாரண தரம் எழுத இருந்த பிள்ளை. புத்தகப் பையைக் காவிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நடந்த பிள்ளை. அந்தப் பரீட்சை நடுவில் அறுந்த ஒன்று. இவர்களைத் திரும்ப ஒரு வகுப்பில் இருத்தி, 60 ஸ்லைட் காட்டி, "விளங்கினதா?" என்று கேட்டால், விளங்கவில்லை என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! அந்த அம்மா சொன்னது ஒரு மன்னிப்பு. உங்களை நோகடிக்காமல், பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, விலகிப்போக ஒரு வழி தேடியிருக்கிறார்.

அல்பேட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977 இலிருந்து எழுதிவந்த ஒரு விஷயம் இங்கே உதவும். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்கு மிகப் பலமான ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பது அடுத்தது. "உங்களால் முடியும் அக்கா" என்று வாயால் சொல்லும் ஊக்கம் அவ்வளவு தூரம் போகாது. அப்படியென்றால் உங்கள் வகுப்பின் முதல் இருபது நிமிடத்துக்குள் ஒவ்வொருவரும் ஒன்றைச் சரியாகச் செய்து முடித்திருக்கவேண்டும். நேற்று வீட்டுக்கு வந்த காசு, வெளியில் போன காசு, இரண்டையும் கொப்பியில் இரண்டு பக்கமாக எழுதினால் போதும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு பக்கமும் எழுதுவதற்குள்ள 'இரட்டைப் பதிவு' என்ற சொல் பிறகு வரட்டும்.

முதல் நாள் அறிமுகத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். உங்களைக் குற்றம் சொல்வதாக எடுக்க வேண்டாம், பயிற்சிக் கைநூல்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் "குடும்ப விபரம் சொல்லுங்கள்" என்பது இந்த மண்ணில் லேசான கேள்வி அல்ல. கணவர் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு சொல்லில் சொல்ல முடியாத பெண்கள் இங்கே இருக்கிறார்கள். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை எண்ணுவதா விடுவதா என்று ஒரு தாய் தடுமாறுவார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது உங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் உங்கள் 28 பேரில் இருக்கலாம். 27 அந்நியர்கள் பார்க்க, கமராவுக்கு முன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் அடுத்த கிழமை வராவிட்டால் அதை ஆர்வமின்மை என்று எழுதிவிட முடியாது.

வளர்ந்தவரின் அனுபவம்தான் வகுப்பின் பெரிய வளம் என்று எல்லாக் கோட்பாட்டாளரும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த வளத்தை நாங்கள் தோண்டி எடுக்கக்கூடாது, அவர்கள் எடுத்து வைப்பதைப் பெற்றுக்கொள்ளவேண்டும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். "என்ன செய்து விற்கிறீர்கள்? ஆகக் கூடுதலாக எந்த மாதம் விற்கும்?" இதற்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையில் கச்சான் எப்படி விற்கும் என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர் தானாக வாய் திறப்பார்.

அடுத்தது கமரா. கட்டாயமாக்க வேண்டாம், தயவுசெய்து.

2021 இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்த காலத்தில் நான் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு சூமில் வகுப்பு எடுத்தேன். ஒருவர் ஒரு மாதமாகக் கறுப்புப் பெட்டியில் ஒரு பெயராக மட்டுமே இருந்தார். என் பதிவேட்டில் அவருக்கு நேரே "பங்குபற்றுதல் இல்லை" என்று எழுதினேன். பிறகு மனம் கேட்காமல் போன் எடுத்தேன். வீட்டில் ஒரே ஒரு போன். மூத்த மகளின் வகுப்பு முடிந்த பிறகுதான் இவர் கைக்கு வரும், அப்போது பற்றரி சிவப்பில் நிற்கும். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, குளக்கட்டுக்குப் போனால்தான் உண்டு. கமராவைப் போட்டால் டேட்டா பறந்துவிடும். ஆனால் நான் சொன்ன கதைசொல்லும் முறையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரை வைத்து அவர் செய்து பார்த்திருந்தார். எந்த இடத்தில் பிள்ளைகள் குழம்பினார்கள் என்று எனக்கே சொல்லித் தந்தார். பங்குபற்றிய ஒருவருக்கு "இல்லை" என்று எழுதியிருந்தேன். அன்றிலிருந்து நான் கமராவை வரவுப் பதிவாக எடுப்பதில்லை.

உங்கள் நேரத்தையும் பாருங்கள். இரவு 7 மணி. சமையல், பிள்ளையின் படிப்பு, கோழி அடைப்பது, எல்லாம் அந்த நேரம். சிக்னல் தேடி வெளியில் வந்து நிற்கவேண்டியவர் என்றால், துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் அந்த நேரம் யானை வரும் நேரம். வகுப்பில் ஆர்வம் உள்ளவர்கூட யானைக்குப் பயந்து வராமல் இருக்கலாம். எந்த நேரம் வசதி என்று அவர்களிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. பின்னேரம் இரண்டரை, மூன்று மணி என்று பலர் சொல்வார்கள் என நினைக்கிறேன், ஆனால் கேட்டுத்தான் பார்க்கவேண்டும். காலபோகத்து அருவி வெட்டுக் காலத்தில், தை மாசியில், யாருமே வரமாட்டார்கள் என்பதையும் இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

தொலைக்கல்வியை நெடுங்காலம் ஆராய்ந்த மைக்கேல் மூர் என்பவர், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலுள்ள உண்மையான தூரம் கிலோமீற்றரில் இல்லை என்றார். இருவருக்கும் இடையில் பேச்சு எவ்வளவு நடக்கிறது, பாடம் எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது, கற்பவர் கையில் எவ்வளவு விடப்பட்டிருக்கிறது என்ற மூன்றும்தான் அந்தத் தூரத்தைத் தீர்மானிக்கின்றன. 60 ஸ்லைட்டை இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கவேண்டும் என்றால் பேச்சுக்கு இடமே இல்லை. மல்லாவியில் இருந்துகொண்டு மல்லாவிப் பெண்ணுக்குப் படிப்பித்தாலும் தூரம்தான். ஒரு நல்ல போன் அழைப்பில் கொழும்பில் இருப்பவர்கூடப் பக்கத்தில் வந்துவிடுவார்.

அப்படியானால் விளக்கம் எங்கே போவது? வாட்ஸ்அப் குரல் பதிவுக்குள் போடுங்கள். ஒரு பதிவு நாலு அல்லது ஐந்து நிமிடம், ஒரு பதிவில் ஒரே ஒரு விஷயம். இணையவழிப் பாட வீடியோக்களை 69 இலட்சம் தடவை பார்த்த பதிவுகளை வைத்து 2014 இல் வெளியான ஒரு ஆய்வு, எவ்வளவு நீளமான வீடியோவாக இருந்தாலும் பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் ஆட்கள் பார்ப்பதில்லை என்று கண்டது. பெரிய ஸ்டூடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் இருந்து ஆளோடு ஆளாகக் கதைப்பது போன்றவைதான் கூடப் பார்க்கப்பட்டன என்பதும் அதில் உண்டு. ஆகவே உங்கள் பதிவில் பின்னால் கோழி கத்தினால் கத்தட்டும். ஒரு மணித்தியால சூமுக்கு நூற்றுக்கணக்கான எம்.பி. போகும், குரல் பதிவுக்கு அதில் மிகச் சிறு பங்குதான். விடியப் புட்டு அவிக்கும்போது கேட்கலாம், விளங்காவிட்டால் திரும்பக் கேட்கலாம். யாருக்கும் முன்னால் "விளங்கவில்லை" என்று சொல்லவேண்டியதில்லை.

பயிற்சியைத் தொட்டும் பார்ப்பதில்லை என்றீர்கள். நீங்கள் கொடுத்த பயிற்சி, நான் ஊகிப்பது சரியென்றால், வெறுங் கட்டங்கள் உள்ள ஒரு தாள், "பூர்த்தி செய்க" என்று. புதிதாக ஒன்றைக் கற்பவருக்கு வெறுந்தாளைப் போல் பயமுறுத்துவது வேறில்லை. அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஜோன் சுவெல்லர் 1980களிலிருந்து காட்டிவந்தது இதைத்தான். மனித மூளை ஒரே நேரத்தில் சில விஷயங்களை மட்டுமே தாங்கும். எல்லாமே புதிதாக இருந்தால் நிரம்பி வழிந்துவிடும். புதியவர்களுக்கு, முழுமையாகச் செய்து காட்டிய ஒரு கணக்கைப் படி படியாகப் பார்ப்பது, தாமாக மல்லுக்கட்டுவதைவிட நன்றாகப் பிடிபடும். நோல்ஸ் சொன்ன தன்னாட்சியோடு இது முட்டுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். முட்டவில்லை. எதைப் பற்றிய கணக்கு, எந்த நேரம், எந்தக் கொப்பி, எவ்வளவு வேகம் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். செய்யும் முறையை நீங்கள் கைபிடித்துக் காட்டுங்கள். பிடிபடப் பிடிபடக் கையை விடுங்கள். இனி வரும் முதல் கிழமை முழுக்கணக்கும் உங்களுடையது. அடுத்த கிழமை கடைசி வரியை மட்டும் வெறுமையாக விடுங்கள். அதற்கடுத்தது பாதி. ஐந்தாம் ஆறாம் கிழமை தாள் அவர்களுடையது.

செய்து காட்டும் கணக்கு எப்படி இருக்கவேண்டும் என்றால், இப்படி. கச்சான் வறுத்துப் பக்கெற் போட்டு விற்கும் ஒரு அக்கா. 100 பக்கெற், ஒன்று 50 ரூபா, 5000 ரூபா வந்தது. கச்சான் 2600, உப்பு, மண், விறகெல்லாம் சேர்த்து 500, பக்கெற் 300, பஸ் 200. செலவு 3600. மிச்சம் 1400. இதுவரை எல்லோருக்கும் தெரியும், தலையிலேயே போட்டுவிடுவார்கள். இப்போது நீங்கள் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதைச் செய்ய எத்தனை நாள் போனது?" இரண்டு நாள் என்பார்கள். "அப்ப ஒரு நாளைக்கு 700. தோட்டத்தில் கூலிக்குப் போனால் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். பத்து விநாடி, இருபது விநாடி. அந்த அமைதியைப் பொறுத்துக்கொள்ளப் பழகுங்கள். ஒருவர் மைக்கைத் திறப்பார்.

அந்த இடம் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டிய இடமும்கூட. ஜாக் மெசிரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், இடைவெளிக்குப் பிறகு கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்து 1978 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வளர்ந்தவர்களின் ஆழமான கற்றல், தாம் இவ்வளவு நாளும் சரியென்று வைத்திருந்த ஒன்று பொருந்தாமல் போய், மனம் குழம்பும் ஒரு கணத்தில் தொடங்குகிறது என்றார். "என் உழைப்புக்கு நான் ஒரு சதமும் எண்ணவில்லையே" என்று ஒரு பெண் காண்பது அப்படிப்பட்ட கணம். அவர் ஐந்து வருடமாக அந்தத் தொழிலை நம்பி வாழ்ந்தவர். "நீங்கள் நட்டத்தில் ஓடுகிறீர்கள்" என்று ஆசிரியர் தீர்ப்புச் சொன்னால் அடுத்த கிழமை அவர் இருக்கமாட்டார். விலையை ஏற்றலாமா, கச்சானை மொத்தமாக வாங்கலாமா, பஸ்ஸுக்குப் போகாமல் இரண்டு பேர் சேர்ந்து அனுப்பலாமா என்று மற்றப் பெண்களே கதைக்கட்டும். நீங்கள் அதை எழுதிக்கொண்டிருங்கள். வீட்டு வேலைக்கு நடுவில் செய்வதால் கூலிக்குப் போவதோடு ஒப்பிடக்கூடாது என்று ஒருவர் வாதாடினால் அவருக்கும் இடம் கொடுங்கள், அது நல்ல வாதம்.

இந்த இடத்தில் பிரேசில்காரரான பாவுலோ பிரெய்ரேயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1963 இல் அங்கே வடகிழக்கில் ஆங்கிகோஸ் என்ற ஏழை ஊரில் ஏறக்குறைய 300 பேருக்கு அவருடைய முறையில் எழுத்தறிவு வகுப்பு நடந்தது. 'அ, ஆ' என்று தொடங்கவில்லை. அந்த முறையில், 'செங்கல்' போன்ற, ஆட்களின் வாயிலும் கையிலும் தினம் புழங்கும் சொற்களில்தான் தொடங்குவார்கள். அந்தச் சொல்லைச் சுற்றி முதலில் பேச்சு, பிறகு எழுத்து. அடுத்த வருடமே இராணுவ ஆட்சி வந்து அவரைச் சிறையில் வைத்து, பிறகு நாட்டைவிட்டே போக வைத்தது. ஆசிரியர் வைப்பிலிட, மாணவர் வாங்கிச் சேமித்து வைக்கிற கல்வியை அவர் வங்கிக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார்.

உங்கள் வகுப்பின் 'செங்கல்' எது? என்னைக் கேட்டால் 'கடன்'. வன்னியில் சிறுதொழில் செய்யும் பெண்களோடு எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் அந்தச் சொல்லைச் சொன்னால் அமைதி கலையும். நுண்கடன் கிழமைக் கட்டுக்காசு, கடைக்கொப்பி, அடகு வைத்த சங்கிலி. உங்கள் ஸ்லைட்டில் 'பொறுப்புகள்' என்று இருப்பது இதுதான். சொல் 'கடன்' என்றே இருக்கட்டும். யாருடைய கடன் எவ்வளவு என்று கேட்காமல், "வட்டியைக் கணக்கில் எங்கே எழுதுவீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் போதும்.

பரீட்சை வைக்கலாமா என்று கேட்டீர்கள். புள்ளி போடும் பரீட்சை வேண்டாம், ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஆனால் நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள், அது மிகவும் முக்கியம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர் 2006 இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது கூட நினைவு வைத்திருந்தார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஆகவே வகுப்பின் தொடக்கத்தில் நீங்கள் போன கிழமைப் பாடத்தை மீட்டிச் சொல்லாதீர்கள். "கொப்பியை மூடிவிட்டு, போன கிழமை செய்த கணக்கில் செலவுப் பக்கம் என்னென்ன இருந்தது என்று பக்கத்தில் இருக்கிற மகளுக்குச் சொல்லுங்கள்" என்று விடுங்கள். பிறகு திறந்து பார்க்கட்டும். பிழைத்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் மனதில் நிற்கும்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்ற படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிடுங்கள். அப்படி ஆட்களைப் பிரித்து அதற்கேற்பப் படிப்பித்தால் கூடக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2008 இல் நாலு உளவியலாளர்கள் இருந்த ஆய்வுகளை எல்லாம் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். படமும் சொல்லும் சேர்ந்தால் எல்லோருக்குமே நல்லது, அவ்வளவுதான்.

சரி, மிச்சமுள்ள ஏழு கிழமைக்கு நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? திங்கட்கிழமை ஒரு குரல் பதிவும், கையால் எழுதிய கணக்கின் ஒரு படமும் வாட்ஸ்அப்பில் போகும். புதன், வியாழனுக்குள் அவரவர் தங்கள் கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்புவார்கள், குழுவில் போடவேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி பதில், பிழையைச் சொல்லும் முன் சரியான ஒன்றைச் சொல்லி. இது நேரம் எடுக்கும்தான். 60 ஸ்லைட் செய்யும் நேரத்தை இங்கே போடுங்கள். சனிக்கிழமை சூம் 40 நிமிடம், விரிவுரை இல்லாமல், வந்த கொப்பிகளில் கண்ட ஒரு பொதுச் சிக்கலைப் பற்றி மட்டும். அதற்கு நடுவில், பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர் நாலு நாலு பேராக வாட்ஸ்அப் குழு அழைப்பில் தங்களுக்குள் கதைப்பார்கள். உங்கள் 28 பேரும் திரும்பினால் ஏழு குழு. 28 பேருக்கு முன்னால் வாய் திறக்காத அக்கா மூன்று பேருக்கு முன்னால் நன்றாகக் கதைப்பார். மாதத்தில் ஒரு தரமாவது பொதுநோக்கு மண்டபத்தில் நேரில் சந்திக்க முடிந்தால் செய்யுங்கள். முகம் கண்ட பிறகு குரல் வேறுமாதிரிக் கேட்கும்.

அலுவலகம் வரவுக்கு சூம் ஸ்கிரீன்ஷொட் கேட்கும், தெரியும். அவர்களோடு கதைத்து, எத்தனை பேர் கொப்பி வைத்திருக்கிறார்கள், எத்தனை கிழமை விடாமல் எழுதியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை அதற்குப் பதிலாகக் கொடுக்கக் கேளுங்கள். டேட்டாவுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்க முடியுமா என்றும் கேளுங்கள். 17 பேர் நின்றுவிட்ட பிறகு நடக்கும் வகுப்பைவிட அது மலிவு.

நின்றுபோன அந்த 17 பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுங்கள். "ஏன் வரவில்லை?" என்று மட்டும் கேட்கவேண்டாம், அது பள்ளிக்கூடக் கேள்வி. "இப்ப கணக்கை எப்படி வைக்கிறீர்கள், எந்த இடத்தில் சிக்குகிறது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கொப்பியில் அப்படியே எழுதுங்கள், அவர்களுடைய சொல்லிலேயே. அதுதான் உங்கள் ஆறாம் கிழமைப் பாடத்திட்டம்.

ஆனால் அந்த அழைப்புகளுக்கெல்லாம் முன்னால், சீட்டு நடத்துகிற அம்மாவுக்கு எடுங்கள். வரும் சனிக்கிழமை 15 நிமிடம் அவருடையது என்று சொல்லுங்கள். ஒரு சீட்டை எப்படித் தொடங்குவது, பிந்திக் கட்டுகிறவரை எப்படிச் சமாளிப்பது, கழிவை எப்படிப் பிரிப்பது என்று மற்றவர்களுக்கு அவர் சொல்லித் தரட்டும். உடனே சம்மதிக்கமாட்டார், "நான் என்னத்தைச் சொல்ல பிள்ளை" என்பார். யாருடைய பெயரும் வேண்டாம், முறையை மட்டும் சொன்னால் போதும் என்று திரும்பக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு தாளில் வரவு ஒரு பக்கம், கொடுக்கவேண்டியது ஒரு பக்கம் என்று எழுதி, முடிந்ததும் அந்தத் தாளைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். இரட்டைப் பதிவு அதில் இருக்கும்.